கரிசல் காட்டுத் தீபாவளி இட்லி

எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம். அங்கே பிறந்து, அந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எங்களுக்குத் தீபாவளி என்றால் முதலில் இட்லி. வெடியும் புதுத் துணியும் அதற்கப்புறம்தான். விடியுமுன் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, தலை காயுமுன் உட்கார்ந்தால் இட்லியும் கறிக்குழம்பும் வரும். இன்றைய பிள்ளைகள், "இட்லிதான் தினமும் இருக்கே, இதுல என்ன விசேஷம்?" என்கிறார்கள். அது தினமும் இல்லாத காலத்தைச் சொன்னால்தான் இந்தச் சாப்பாடு அவர்களுக்கு விளங்கும்.

நான் சிறுமியாக இருந்த ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வீட்டுச் சாப்பாடு கம்மஞ்சோறு, சோளச்சோறு, இல்லையென்றால் குதிரைவாலி. ராத்திரி உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்ட கம்மஞ்சோற்றைக் காலையில் கரைத்து, வெங்காயத்தையோ மோர்மிளகாயையோ கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். நெல்லுச்சோறு கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஆகும், காய்ச்சல்காரருக்குக் கஞ்சியாகும். இட்லி அதைவிட அபூர்வம். வேறு நாளில் கிடைக்கிறதோ இல்லையோ, தீபாவளிக்கு உண்டு.

இட்லி ஒன்றும் புதிய பண்டமில்லை. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையிலேயே அதன் பெயர் வருகிறது. தீபாவளி நம் பக்கம் பரவியதை விஜயநகர, நாயக்கர் ஆட்சியோடு சேர்த்துப் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் எழுதியிருக்கிறார். எங்கள் கரிசலில் தெலுங்கு பேசும் ஊர்கள் எத்தனை என்று பார்த்தால் அவர் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு பண்டம் நாட்டில் இருப்பது வேறு, கூரை வீட்டு அடுப்பில் அது வேகுவது வேறு.

கரிசல் மானாவாரிப் பூமி. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நஞ்சை இருக்கும், அதுவும் சிலருக்குத்தான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் தையில்தான் கதிர் வீட்டுக்கு வரும். ஆகவே ஐப்பசி என்பது தானியக் குலுக்கையின் அடி தெரிகிற மாதம். பொங்கல் விளைச்சலோடு வருகிறது. தீபாவளியோ வீட்டில் தானியம் தீர்ந்திருக்கிற நேரத்தில் வருகிறது. உளுந்து மட்டும் போன வருசத்துச் சொந்தக் காட்டு உளுந்து. அரிசியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் காசு எங்கள் தெருவுக்குத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்று வந்த தொழில் அது. நாளடைவில் சாத்தூர், கோவில்பட்டி கிராமங்கள் வரை பரவிவிட்டது. எங்கள் அம்மா கட்டையில் குச்சி அடுக்கினாள். நாங்கள் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினோம். தீபாவளிக்கு முந்தி ஆபீஸில் கொடுக்கிற பணம் அரிசியாகவும் கறியாகவும் மாறியது. மழையை மட்டும் நம்பியிருந்த வீடுகள் அதே அரிசியைக் கடனுக்கு வாங்கின.

முதல்நாள் வேலையைச் சொல்ல வேண்டும். நாலுக்கு ஒன்று கணக்கில் அரிசியும் உளுந்தும் ஊறும். கறுப்பு உளுந்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தோல் மிதந்து வரும், அது மாட்டுக்கு. ஆட்டுரல் எல்லார் வீட்டிலும் கிடையாது. இருக்கிற வீட்டு வாசலில் சட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் முறை போட்டுக் காத்திருப்பார்கள். அப்பத்தா உள்ளேயிருந்து, "ஏ தாயி, உளுந்த மொதல்ல போடு. அது பொங்கி வந்தபெறகு அரிசி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருத்தி குழவியைச் சுற்ற, இன்னொருத்தி மாவைத் தள்ளிவிட, சின்னப் பிள்ளைகள் நாங்கள் தண்ணீர் தெளிப்போம். ஐப்பசி ஈரத்தில் மாவு லேசில் புளிக்காது. அதனால் பானையைச் சாக்கால் மூடி அடுப்போரம் வைத்தார்கள். பின்னிரவில் எழுந்து இட்லிக்கொப்பரையை ஏற்றி, ஈரத்துணி விரித்து ஊற்றினால், விடிகிறவரை ஈடு ஈடாக இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குளித்து முடித்து முதலில் உட்கார்ந்தவர்கள் ஆம்பிளைகளும் பிள்ளைகளும். ஆட்டினவர்களுக்குக் கடைசி ஈடு.

ஊருக்குத் துணி வெளுத்தவர்களும் முடி வெட்டினவர்களும் அன்று பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்று வாங்கிப் போனார்கள். வீடு வீடாகச் சேர்ந்த அந்த இட்லிதான் அவர்கள் வீட்டுத் தீபாவளி. இந்தச் சாப்பாட்டின் வரலாற்றில் அவர்கள் நின்ற இடத்தையும் எழுதத்தான் வேண்டும்.

கறி கூறு போட்டு வரும். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆட்டைப் பேசி முடித்து, ராத்திரியே அறுத்து, பனையோலைப் பாயில் கூறு வைப்பார்கள். ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் விழ வேண்டும். தலையும் குடலும் தனி விலை. ஆடு உரித்தவருக்கு ஒரு பங்கு. அம்மியில் வத்தலும் மல்லியும் சீரகமும் அரைபடுகிற வாசனையில்தான் நாங்கள் விழித்தோம். தமிழ்நாட்டில் தீபாவளிக் குளியல் சதுர்த்தசி விடியலில். அன்றே அமாவாசையும் பிறந்துவிடுகிற வருசங்களில் விரதக்கார வீடுகளில் கறி மறுநாளைக்குத் தள்ளிப்போகும், இட்லி தள்ளிப்போகாது.

பிறகு அரிசி வந்தது. 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியபோது எங்களுக்கு அது பேப்பர்ச் செய்திதான். ஆனால் ஐ.ஆர்.8, ஆடுதுறை 27 போன்ற ரகங்களால் நெல் விளைச்சல் கூடியது. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. ரேஷன் அரிசி மெல்லக் கிராமத்துக்கும் வந்து சேர்ந்தது. 1982-ல் சத்துணவு தொடங்கியபோது நான் வகுப்பில் நின்ற டீச்சர். பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் மத்தியானம் நெல்லுச்சோறு சாப்பிட்டார்கள். ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இலவசம். ஆட்டுகிற பாடும் இதற்கிடையில் குறைந்தது. கோவையில் 1955-ல் சபாபதி என்பவர் உருவாக்கிய கிரைண்டர் எங்கள் ஊருக்கு முதலில் வந்தது, கூலிக்கு மாவாட்டித் தரும் கடையாகத்தான். அந்தக் கடை வந்த வருசம் தெருப் பெண்கள் தீபாவளிக்கு முந்தின ராத்திரி தூங்கினார்கள்.

கம்பையும் குதிரைவாலியையும் விட்டுவிட்டோமே என்று இப்போது வருத்தப்பட்டுப் பேசுகிறார்கள். நல்ல தானியங்கள்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, சொளகில் புடைத்து, மறுபடி குத்திய கைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மா உள்ளங்கையில் உலக்கைக் காய்ப்பு கடைசிவரை இருந்தது. அரிசிக்கு மாறியது அவள் விரும்பி எடுத்த முடிவு. அதை நாகரிக மோகம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது எங்கள் வீட்டுத் தீபாவளியில் மத்தியானம் பிரியாணி. பேரப்பிள்ளைகள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். காலையில் இட்லியும் கறிக்குழம்பும் மாறவில்லை, மாவு மட்டும் சில வருசம் கடை மாவு. கூறுக்கறியும் நிற்கவில்லை. ஆட்டுக்காரரிடம் புரட்டாசியிலேயே சொல்லி வைத்துவிடுகிறார்கள். பனையோலைப் பாய் இருந்த இடத்தில் தார்ப்பாய், கண்ணளவு இருந்த இடத்தில் தராசு. போன வருசம் எங்கள் தெருவில் கூறு பிரித்தவர்களில் துணி வெளுத்த குடும்பத்துப் பையனும் ஒருவன். அவன் பங்குக்குக் காசு கொடுத்து, மற்றவர்களோடு உட்கார்ந்து, எலும்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொண்டு போனான்.