ஏராவில் அறைந்த வெள்ளி ஆணி

நெருளிலிருந்து கோட்டைப் பக்கம் வேலைக்குச் செல்லும் நம்மவர் ஏறும் ஹார்பர் லயன் வண்டி, பயணம் முடியும் தறுவாயில் டாக்யார்ட் ரோடு என்னும் நிலையத்தில் நிற்கும். மும்பை கப்பல் கட்டிய ஊர் என்பதை நினைவூட்டும் பெயர் அது. அங்கிருந்து இன்னும் தெற்கே, இன்று கடற்படையின் மதிலுக்குள் அடங்கிவிட்ட பழைய கப்பல் துறையின் கதை, நம் திருகோணமலையின் பெயரோடும் பிணைந்தது.

1736-இல் சூரத்திலிருந்து லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா என்ற பார்ஸி தச்சர், சில தொழிலாளிகளுடன் பம்பாய்க்கு அழைத்துவரப்பட்டார். 1750-இல் இங்கு உலர்துறை அமைந்தது. தலைமைத் தச்சர் பதவி தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்திலேயே நின்றது.

1812-இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு போர்க்கப்பலை இங்கே கட்டப் பணித்தது. 1782-இல் திருகோணமலைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாக அதற்கு ‘டிரிங்கமலி’ என்று பெயர். வரைபடங்கள் ‘ஜாவா’ என்ற கப்பலில் புறப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், பிரேஸில் கடற்கரைக்கு அப்பால், அமெரிக்கக் கப்பலொன்று ஜாவாவை வீழ்த்தியது. வரைபடங்களும் அதனுடன் போயின. மறுபடி வரைந்து அனுப்பினார்கள். வேலை தொடங்கியது 1816-இல்தான்.

கப்பல் வேலையின் முதற்கட்டம் பார்ப்பவருக்குக் கப்பலாகவே தோன்றாது. காகிதத்திலுள்ள கோடுகளை அகன்ற தளமொன்றில் உண்மையளவில் வரைந்து, அவற்றின் மேல் மெல்லிய பலகைகளை வைத்து, ஒவ்வொரு விலாச்சட்டத்துக்கும் அச்சு வெட்டுவார்கள். இங்கே ஒரு விரல் பிசகினால் பிற்பாடு எத்தனை இழைத்தாலும் சீராகாது. அடுத்து, அச்சுக்கு ஏற்ற மரத்தைத் தேட வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு வலுவிழந்துவிடும். ஆகவே வளைந்த சட்டத்துக்கு இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த மரமே வேண்டும். நல்ல தச்சரின் கண் உளியைவிட இவ்விடத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

பிறகே ஏரா வைப்பது. ஏரா என்பது கப்பலின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு. தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, பார்ஸி மரபுப்படி, டிரிங்கமலியின் ஏராவில் எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அறைந்தார். நம் ஊரில் வீட்டுக்கு நிலை வைக்கும்போது பொன்னோ நவமணியோ இடுவதில்லையா, அதைப் போன்றதென்று கொள்ளலாம். ஏராமேல் விலாச்சட்டங்கள் எழும்ப, அவற்றின் மேல் பலகைகள் ஏறின.

மரம் மலபார்த் தேக்கு. இங்கிலாந்தின் ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். அங்கே ஓக் அருகி வந்த காலமும் அது. தேக்கையும் அதை அறிந்த கைகளையும் தேடிப் பம்பாய்க்கு வந்ததில் வியப்பில்லை.

1817 அக்டோபர் 12-இல் டிரிங்கமலி நீரில் இறங்கிற்று. வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில், பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் அது மிதக்கிறது.

ஜம்ஷெட்ஜியைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. 1800-இல் அவர் கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ கப்பலைப் பற்றியது. வெள்ளைக்காரர்கள் தம்மைக் குறிக்கும் இழிசொல்லையே எடுத்து, இக்கப்பலைக் கட்டியவன் ஒரு கறுப்புப் பயல் என்ற பொருள்பட, ஆண்டையும் சேர்த்து அவர் செதுக்கி வைத்தாராம். கோபமா, குறும்பா என்று சொல்வதற்கில்லை. இரண்டும் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. செதுக்கிய இடம் ஏராவின் மேல் படியும் உள்மரம். தளப்பலகை மூடிவிட்டால் எவர் கண்ணிலும் படாத இடம்.