ஈயம் பெற்ற பேய்

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த இனத்துப் பிள்ளையைக் கேட்டாலும் பொந்தியானாக் என்ற பேயின் அங்க அடையாளங்களைத் தடங்கலில்லாமல் சொல்லிவிடும். வெள்ளை உடை, இடுப்பைத் தாண்டி விழும் கூந்தல், வாழைமரத்தில் குடியிருப்பு, ஆள் வருவதற்கு முன்னால் வந்துவிடும் கெம்போஜா பூவின் வாசம், பிடரியில் ஆணி அடித்தால் அடங்கிப்போய் அழகான மனைவியாகிவிடும் குணம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு நீலியைத் தெரியாமல் இருக்கலாம், இவளை நன்றாகத் தெரியும். இவள் ஆதிகாலம் தொட்டு இந்த மண்ணில் இப்படியேதான் உலவுகிறாள் என்று நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

உலவினாள், ஆனால் இப்படி இல்லை. கம்பத்துக்குக் கம்பம் மாறிக்கொண்டிருந்த ஒருத்திக்கு ஊரறிந்த ஒரே முகம் கிடைத்தது 1957 ஏப்ரல் 27ஆம் தேதி, சிங்கப்பூர் கேத்தே தியேட்டரில். அன்றுதான் ‘பொந்தியானாக்’ படம் வெளியானது. மலாயாவின் சுதந்திரத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

படத்துக்கு முந்திய பேயைப் பார்க்க வேண்டுமானால் வால்டர் ஸ்கீட்டைப் புரட்ட வேண்டும். சிலாங்கூர் ஆட்சிப் பணியில் இருந்த ஆங்கிலேயர். கம்பங்களில் கேட்ட மந்திரங்களையும் பேய்களையும் திரட்டி 1900இல் ‘மலாய் மேஜிக்’ என்ற தடித்த நூலாக்கினார். அதில் பிரசவத்தில் செத்துப் பேயானவளுக்குப் பெயர் லங்சுயிர். பொந்தியானாக் அவளல்ல, அவள் பெற்ற, பிறக்கும்போதே செத்த பிள்ளை! லங்சுயிர் உடுத்துவது வெள்ளையுமல்ல, பச்சை. கணுக்கால் வரை கூந்தல், நீண்ட நகம், பிடரியில் ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் குழந்தைகளின் இரத்தத்தை உறிஞ்சுவாள். அவளைப் பிடிக்கும் முறையும் வேறு. நகத்தையும் கூந்தலையும் வெட்டி அந்தத் துளைக்குள் திணித்துவிட்டால் சாதாரணப் பெண்ணாகிக் குடித்தனம் நடத்துவாள், பிள்ளை பெறுவாள். ஆனால் ஊர்த் திருவிழாவில் ஆட விட்டுவிடக் கூடாது. ஆடினால் பழைய உருவம் வந்து காட்டுக்குள் பறந்துவிடுவாள். பிரசவத்தில் ஒருத்தி இறந்தால் அவள் பேயாகாமல் தடுக்க, பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளைப் போடுவார்கள், இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு கோழிமுட்டை வைப்பார்கள், உள்ளங்கைகளில் ஊசி குத்துவார்கள். முட்டை இருப்பதால் அவளால் கைகளைச் சிறகாக அடிக்க முடியாதாம். அதை நசுக்கிவிடுவோமோ என்ற பயம் என்றே நான் இதைப் படிக்கிறேன். செத்த பிறகும் தாய்க்குத் தாயின் பயம்தான் விலங்கு. பேய்க்கதை என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு வரிக்காவது நின்று யோசிக்கலாம்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணியாக இறந்தவளுக்கு என்ன செய்தார்கள்? வழியில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். போகிறவர் வருகிறவர் தலைச்சுமையை அதில் இறக்கி வைக்கும்போதெல்லாம், வயிற்றுச் சுமையோடு போனவளின் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. மலாய்க் கம்பம் ஊசியால் கட்டியதைத் தமிழ் ஊர் கல்லால் ஆற்றியது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குற்ற உணர்வு.

இப்படிப்பட்ட பேய்களை மலாய் மொழியில் முதலில் எழுத்தில் கேலி செய்தவர்களில் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா என்பது எனக்கு எப்போதும் வேடிக்கை. நாகூர்த் தொடர்புள்ள மலாக்காக் குடும்பம் அவருடையது. வியாபாரத்துக்கு உதவும் என்று தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். பினாங்காலான், போலோங் முதலிய பேய்களைப் பற்றி மில்னே பாதிரியாருக்கு விளக்கி, படமும் வரைந்து கொடுத்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம்பாதவர், ஆனால் வரைந்து கொடுத்தார். பேய்க்கதை எழுதுகிறவனின் இலக்கணமே அதுதான்.

இனி, அந்தப் படத்தைப் பெற்ற பணத்தின் கதை. கோலாலம்பூரில் ஜாலான் லோக் இயூ வழியாகப் போகிறவர்கள் அந்தப் பெயருக்குரியவரை நினைப்பதில்லை. ஈயத்தில் மலைபோல் சம்பாதித்த சீனத் தவுக்கே அவர். 1917இல் இறந்தார். அவருடைய மகன் லோக் வான் தோ 1915இல் கோலாலம்பூரில் பிறந்தவர். சுவிட்சர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டு வந்து, தாயாரோடு சேர்ந்து 1935இல் தியேட்டர் கம்பெனி தொடங்கினார். 1939இல் சிங்கப்பூரில் கேத்தே தியேட்டர் திறந்தது. குளிரூட்டிய அரங்கு, அக்காலத்துக்கு அதிசயம். மனிதருக்கு உண்மையான பித்து பறவைகளைப் படமெடுப்பதில். யுத்த காலத்தில் இந்தியாவில் தங்கி பறவையியலர் சாலிம் அலியோடு காடு சுற்றியவர். அவரும், தியேட்டர்த் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஹோ ஆ லோக்கும் 1953இல் சேர்ந்து உண்டாக்கியதுதான் கேத்தே-கிரிஸ் ஸ்டூடியோ. எதிரே ஷா சகோதரர்கள். அவர்களிடம் மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரமான பி. ரம்லி இருந்தார். ரம்லி இல்லாத கம்பெனி ரம்லியை வெல்ல என்ன செய்யும்? பேயைக் கூப்பிட்டது.

கூப்பிட்டுக் கொண்டுவரும் வேலை பி.என். ராவிடம் போனது. பாலகிருஷ்ண நாராயண ராவ், கேரளத்துக்காரர். தமிழ் சினிமாவில் கை பழகியவர். 1939இல் ‘ரம்பையின் காதல்’, 1941இல் ஜெமினியின் ‘மதனகாமராஜன்’, 1944இல் ‘தாசி அபரஞ்சி’, அடுத்த ஆண்டு ‘சாலிவாகனன்’ எல்லாம் அவர் இயக்கியவை. சாபம், உருமாற்றம், மேலுலகத்துப் பெண் மண்ணில் மாட்டிக்கொள்வது, விக்கிரமாதித்தன் பாணி மாயம் என்று ஒரு சரக்குக் கிடங்கையே மனத்தில் வைத்திருந்தார். ஷாவின் அழைப்பில் சிங்கப்பூர் வந்து 1953இல் ‘ஹுஜான் பனாஸ்’ எடுத்தார், 1955இல் ‘ரோ மெம்பெலா’ என்ற ஆவிப் படமும் எடுத்தார். பிறகு கேத்தே-கிரிஸுக்கு மாறினார்.

கதையை எழுதியவர் அப்துல் ரசாக். நாயகி மரியா மெனாடோ, சுலாவெசியின் மெனாடோவில் பிறந்தவர். கதை இது. கூன் விழுந்த, அவலட்சணமான பெண் சொமேல். அவளை வளர்த்த கிழவர் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன ஏட்டில் அழகாக்கும் மருந்து ஒன்றின் செய்முறையைக் காண்கிறாள். மருந்தைச் சாப்பிட்டு அழகியாகிறாள். ஒரே நிபந்தனை, நாவில் இரத்தம் படக்கூடாது. கல்யாணம் ஆகிறது, குழந்தையும் பிறக்கிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. விஷத்தை வாயால் உறிஞ்சி எடுக்கச் சொல்லி அவன் கெஞ்சுகிறான். உறிஞ்சுகிறாள். இரத்தத்தின் ருசி தெரிந்துவிடுகிறது. அவனையே கொல்கிறாள்.

ஸ்கீட்டின் பேயும் இந்தப் பேயும் ஒன்றா? அங்கே மரணம் பேயாக்கியது, இங்கே அன்பு. தமிழ் சினிமாவில் அந்தத் தலைமுறை முழுக்க என்ன பார்த்துக்கொண்டிருந்தது? சாவித்திரி எமனிடமிருந்து புருஷனை மீட்டாள், நளாயினி சூரியனை நிறுத்தினாள். கணவனைக் காப்பாற்றும் செயல் பெண்ணைத் தெய்வமாக்கும் என்பதுதான் அந்தப் படங்களின் ஒரே பாடம். ‘பொந்தியானாக்’ அதே செயலைச் செய்ய வைத்து அவளைப் பிசாசாக்கியது. பதிவிரதைக் கதையை யாரோ கொட்டிக் கவிழ்த்ததுபோல் இருக்கிறது. ரசாக் மனத்தில் இருந்ததா, ராவ் கை பட்டதால் வந்ததா என்ற விசாரணை எனக்குத் தேவையில்லை. புராணப் படம் எடுத்துப் பழகிய ஒருவரிடம் இந்தக் கதை சேர்ந்ததில்தான் அதன் பலம் இருக்கிறது என்பேன்.

ஆணி விஷயமும் அப்படித்தான். கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியை, கடமற்றத்துக் கத்தனார் தலையில் ஆணி அடித்து அடக்கி வேலைக்காரியாக்கினார் என்று கதை. விவரம் தெரியாத யாரோ ஆணியைப் பிடுங்கிவிட, அவள் ஓடிவிட்டாள். ராவ் பிறந்த மண்ணின் கதை இது. மலாய்க் கம்பங்களிலும் ஆணி உண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று வழக்குப் போட முடியாது, கடல் வழியாகப் போன சரக்குகளில் கணக்கில் வராதது பேய்.

படம் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடியது. சீன ரசிகர்களுக்காகக் கான்டனீஸில் டப் செய்தார்கள். தமிழர்களுக்கு டப்பிங் தேவைப்படவில்லை. மலாய் தெரியும், கதையும் பாதி தெரிந்த கதை. அதே ஆண்டு ‘டெண்டாம் பொந்தியானாக்’, 1958இல் ‘சும்பா பொந்தியானாக்’, இரண்டும் ராவ் இயக்கியவை. ஷா சும்மா இருப்பார்களா? அவர்களும் ‘அனாக் பொந்தியானாக்’ எடுத்தார்கள். 1958இல் எண்ணெய் பூசிக்கொண்டு வரும் ஒராங் மிஞ்ஞாக்கை இரண்டு கம்பெனியும் போட்டி போட்டுப் படமாக்கின. ஷா பக்கம் பி. ரம்லி, கேத்தே பக்கம் பினாங்கில் வளர்ந்த தமிழர் எல். கிருஷ்ணன். ரம்லியை ‘பக்தி’ படத்தில் நாயகனாக்கியவரும் இதே கிருஷ்ணன்தான். மலாய்ப் பேய்ப்படங்களின் வம்சாவளியில் தமிழ் சினிமாவில் கை பழகியவரும் தமிழரும் உட்கார்ந்திருப்பதை நம் பள்ளிப் புத்தகம் எதுவும் சொல்லித்தரவில்லை. மரியா மெனாடோ 1963இல் பகாங் சுல்தானை மணந்து அரண்மனைக்குப் போனார். ராவ் அடுத்த ஆண்டு ‘பொந்தியானாக் குவா மூசாங்’ எடுத்தார்.

அதற்குள் பங்காளிகள் பிரிந்திருந்தார்கள். ஹோ ஆ லோக் கோலாலம்பூருக்கு வந்து உலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டூடியோ தொடங்கினார். 1964இல் ரம்லி வந்து சேர்ந்து, 1973இல் சாகும்வரை படம் எடுத்தது அங்கேதான். பிரிவினையில் ஹோவின் பங்குக்கு வந்த சில படச்சுருள்களில் முதல் ‘பொந்தியானாக்’கும் ‘டெண்டாம் பொந்தியானாக்’கும் இருந்தனவாம். ஏதோ ஆத்திரத்தில் அவற்றைக் கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் வீசிவிட்டார் என்று சினிமா வட்டாரம் சொல்லும். வீசினாரோ இல்லையோ, அந்த இரண்டு படமும் இன்று இல்லை. மிஞ்சிய கேத்தே-கிரிஸ் மலாய்ப் படங்கள் 91. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் 2014இல் அவை ஏறின. ‘சும்பா பொந்தியானாக்’ அவற்றில் ஒன்று. ஈயத்தில் வந்த பணம் பெற்ற பேயை ஈயக்குட்டை விழுங்கியது என்பது இட்டுக்கட்டிய கதையாகவே இருக்கலாம். இருந்தாலும் கோலாலம்பூரின் வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பேய்க்கதை கிடைக்காது. ஊரே ஈயத்துக்காகத் தோண்டிய பள்ளங்களின் மேல் எழும்பியது.

இந்த இல்லாமைதான் என்னை இழுக்கிறது. யாரும் இன்று பார்க்க முடியாத ஒரு படம், எல்லாரும் பயப்படும் ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அறிவியல் கதையும் மாயக் கதையும் திகில் கதையும் ‘பொழுதுபோக்கு’ என்று நம் விமர்சகர்கள் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். எத்தனை யதார்த்த நாவல் மறைந்த பிறகும் ஊரின் மனத்தில் இப்படி உட்கார்ந்திருக்கும்?

மலேசியாவில் பேய்ப் படங்களுக்கு நீண்ட காலம் தணிக்கையின் கெடுபிடி இருந்தது. 2004இல் சுஹைமி பாபா ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ எடுத்து வாசலைத் திறந்தார். சிலாங்கூரில் பிறந்த ஜென் சோ தன் ‘ஸ்பிரிட்ஸ் அப்ராட்’ தொகுப்பில், செத்துப்போன அத்தை சித்திகளோடு குடும்பம் நடத்தும் ஒரு பள்ளிக்கூடப் பொந்தியானாக்கை எழுதினார். சீனக் குடும்பத்து அதட்டலும் அன்பும் நிறைந்த கதை அது. 2023இல் அமாண்டா நெல் யூவின் ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’, பருவமெய்தும் சிறுமியை மிருகமாக்கிக் காட்டி கான் விழாவில் விமர்சகர் வாரத்தின் பெரும் பரிசை வாங்கியது. மலாய்க்காரர் எழுதினார்கள், சீனர் எழுதினார்கள்.

நாம்? மலேசியத் தமிழ் எழுத்து தோட்டத்தை எழுதியது, சயாம் மரண ரயிலை எழுதியது, தோட்டம் துண்டாடப்பட்டதையும் எழுதியது. எழுத வேண்டியவைதாம். ஆனால் லயத்து வாசலில் ராத்திரி பேசப்பட்ட ரப்பர் மரத்துப் பேய்களும், எல்லைக்காவல் முனியாண்டியும், பிள்ளை பெற்ற வீட்டுக்குத் துணையிருக்கும் பெரியாச்சியும் பேச்சோடு நின்றுவிட்டார்கள். கூலிக்கணக்கு நாவலுக்கு உகந்தது, முனியாண்டியின் சுருட்டு உகந்ததல்ல என்று யார் தீர்மானித்தது? பெரியாச்சியும் பொந்தியானாக்கும் நேருக்கு நேர் நிற்கும் கதையை நான் படிக்க ஆசைப்படுகிறேன். ஒருத்தி பிரசவத்தைக் காப்பவள், இன்னொருத்தி பிரசவத்தில் செத்தவள் என்று இன்று ஊர் நம்புபவள். இடம் கிள்ளான் பக்கத்துத் தோட்டம், மருத்துவச்சி வந்து சேராத ராத்திரி. கங்காணியின் மனைவிக்கு வலி கண்டிருக்கிறது, பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரி கையில் கோழிமுட்டையோடு வருகிறாள், பாட்டி வேப்பிலையோடு உள்ளே இருக்கிறாள். யாராவது இளையவர் எழுதினால் முதல் பிரதிக்கு நான் காசு கொடுக்கிறேன்.