இயல்பமைப்பே முதல் அரண்: தனிக்கணினியும் தீநிரல் பாதுகாப்பும்

தீநிரல்களிடமிருந்து தனிக்கணினியைக் காப்பது குறித்த அறிவுரைகள் பெரும்பாலும் பயனரை நோக்கியே சொல்லப்படுகின்றன. அறியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்காதீர்கள், கண்ட பென்டிரைவைச் செருகாதீர்கள், நல்ல ஆன்ட்டிவைரஸ் வாங்குங்கள் என்று அவை நீள்கின்றன. இவற்றில் தவறேதும் இல்லை. ஆயினும் பொறுப்பு முழுவதும் கணினியின் முன் அமர்ந்திருப்பவர் தலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது. கடந்த கால் நூற்றாண்டின் பெரும் தொற்றுகளை ஆராய்ந்தால், கணினி கைக்கு வரும்போதே அதில் அமைந்திருக்கும் இயல்பமைப்புதான் பாதுகாப்பைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது என்பது புலப்படும்.

இது புதிய கருத்தன்று. 1975இல் கணினி அறிவியலாளர்களான ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய ஆய்வுரை வகுத்துத் தந்த நெறிகளில் இரண்டு இங்கு முக்கியமானவை. வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் தானாகவே மறுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டுமே இருக்க வேண்டும். அதன் பிறகு வந்த தனிக்கணினிகள் இவ்விரண்டையும் புறக்கணித்தே வளர்ந்தன. அக்கால இயங்குதளமான எம்எஸ்-டாஸில் இயங்கிய எந்த நிரலாலும் வட்டின் எந்த மூலையிலும் எழுத முடிந்தது.

அந்தக் குறையை ஈடுசெய்யவே ஆன்ட்டிவைரஸ் வந்தது. ஆனால் அதன் எல்லையைக் கணினி அறிவியலாளர் ஃப்ரெட் கோஹன் 1984ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்: ஒரு நிரல் வைரஸா இல்லையா என்று எல்லா நேர்வுகளிலும் பிழையின்றித் தீர்மானிக்கும் நிரல் இருக்கவே முடியாது என்பது அவருடைய நிறுவல். ஆகவே ஆன்ட்டிவைரஸின் போதாமை, சிறந்த நிறுவனம் ஒன்று முயன்றால் நீங்கிவிடும் குறை அன்று. அறிந்த தீநிரல்களையும் அவற்றை ஒத்தவற்றையும் பிடிக்க அது உதவும். விண்டோஸ் 8 முதல் இயங்குதளத்துடனேயே வரும் டிஃபெண்டர், வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதும் என்பது என் மதிப்பீடு.

இயல்பமைப்பின் வலிமையை ஆட்டோரன் வசதியின் வரலாறு நன்கு விளக்குகிறது. குறுவட்டைச் செருகியதும் நிறுவும் நிரல் தானே தொடங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் விண்டோஸ் 95இல் அது சேர்க்கப்பட்டது. பென்டிரைவ்கள் பரவியபோது அதே வசதி தீநிரலுக்கு வழியாயிற்று. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் புழுவின் அடுத்த வடிவம், பென்டிரைவைச் செருகியதும் எழும் பெட்டியில் கோப்புறையின் படத்தோடு ஒரு பொய்த் தெரிவைக் காட்டியது. கோப்புகளைப் பார்க்கத்தானே என்று அதைச் சொடுக்கினால் புழு உள்ளே இறங்கிவிடும். அச்சகம், ஜெராக்ஸ் கடை, கல்லூரி ஆய்வகம் என்று பென்டிரைவ் சுற்றிவந்த இடங்களிலெல்லாம் இவ்வகைத் தீநிரல்கள் தொற்றின. செருகுமுன் யோசியுங்கள் என்ற எச்சரிக்கை அவற்றைத் தடுக்கவில்லை. விண்டோஸ் 7இல் பென்டிரைவுக்கான ஆட்டோரன் நீக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் அதே மாற்றம் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பாகச் சென்றது. சில மாதங்களிலேயே இவ்வகைத் தொற்றுகள் அவ்விரு தளங்களிலும் பாதிக்கும் மேல் குறைந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மக்கள் அந்தச் சில மாதங்களில் திடீரென விழிப்புப் பெற்றுவிடவில்லை. ஒரு கதவு மூடப்பட்டது, அவ்வளவே.

புதுப்பிப்பு தானாக வந்து சேர்வதும் ஓர் இயல்பமைப்புதான். 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகைத் தாக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் வெளியாகி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. எவரும் எதையும் சொடுக்காமலே அது கணினிக்குக் கணினி தாவியது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் அவற்றுக்குக் கிடைத்திருந்தும் நிறுவப்படவில்லை. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பயனரின் கவனம் இங்கு எதைச் செய்திருக்க முடியும்?

ஒரு கதவை மூடினால் தாக்குவோர் இன்னொன்றைத் தேடுவர் என்று மறுப்பு எழலாம். அது உண்மையே. இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை (கோப்புக்குள்ளிருந்தே இயங்கும் சிறு நிரல்களை) 2022இல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியதும், அவர்கள் வட்டுப் படிமக் கோப்புகளுக்கும் ஒன்நோட் கோப்புகளுக்கும் மாறினர். அண்மை ஆண்டுகளில், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள் எனக் கேட்டு, பயனரையே ஒரு கட்டளையை ஒட்டி இயக்கச் செய்யும் ஏமாற்று பரவியிருக்கிறது. ஆயினும் இந்த மாற்றமே என் வாதத்துக்கு வலுவூட்டுகிறது. முன்பு ஒரே சொடுக்கில் நடந்ததற்கு இன்று மூன்று நான்கு செயல்களைப் பயனர் செய்தாக வேண்டியிருக்கிறது. கூடுகிற ஒவ்வொரு படியிலும் சிலர் ஐயுற்று நின்றுவிடுவர்.

இன்னும் மூடப்படாத கதவுகளும் உண்டு. 2000 மே மாதம் பரவிய ஐ லவ் யூ புழு, கோப்புப் பெயரின் ஈற்றில் இருந்த, நிரலைக் குறிக்கும் விபிஎஸ் என்ற பின்னொட்டு மறைக்கப்பட்டதால்தான் வெறும் எழுத்துக் கோப்பாகத் தோன்றியது. விண்டோஸ் 11இலும் அறிந்த பின்னொட்டுகள் இயல்பாக மறைக்கப்பட்டே இருக்கின்றன. புதுக் கணினியில் உருவாகும் முதல் கணக்கு இன்றும் நிர்வாகிக் கணக்கே. இவ்விரண்டையும் மாற்றாமல் விட்டுவைத்துப் பயனரைக் குறைகூறுவது நேர்மையாகாது.

பயனருக்கென்று எஞ்சும் கடமைகளில் முதன்மையானது காப்புநகல். பணயத் தீநிரல்கள் விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் மீட்புநகல்களையும் அழித்துவிடுகின்றன. இணைத்தே வைத்திருக்கும் வெளிவட்டையும் பூட்டிவிடும். ஆகவே நகலெடுத்ததும் வட்டைக் கழற்றி வைப்பது கட்டாயம். ஆராய்ச்சித் தரவுகளையும் பல்லாண்டுக் கையெழுத்துப்படிகளையும் ஒரே மடிக்கணினியில் வைத்திருப்போர் இதை ஒத்திப்போடக் கூடாது.

புதுப்பிப்பு நின்றுபோகும் தளங்களையும் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மேம்படுத்த இயலாத பழைய கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவுசெய்யவோ லினக்ஸுக்கு மாறவோ வழியுண்டு. பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கணினி வாங்கித் தருவோர், ஒப்படைக்கும் முன்பே அன்றாடப் பயன்பாட்டுக்கென நிர்வாகி அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கைத் தொடங்கித் தர வேண்டும். பின்னொட்டுகள் தெரியும்படியும் புதுப்பிப்புகள் தாமே நிறுவப்படும்படியும் அமைத்துத் தர வேண்டும்.