பசுமைப் பூச்சும் பசுமை நெறியும்

ஈரம் ஏறி உள்ளே இற்றுப்போன சுவருக்கும் சுண்ணாம்பு பூசிவிட்டால், தொலைவில் நிற்பவருக்கு அது புதுச்சுவர் போலவே தோன்றும். மழைக்காலம் வந்த பின்னரே அதன் உண்மை நிலை தெரியவரும். இன்று உலகின் பெருங் கம்பனிகள் பலவும் தாம் இயற்கையைப் பேணி நடப்பதாகப் பறைசாற்றுகின்றன. அவற்றுள் மெய்யான மாற்றம் எது, வெறும் மேற்பூச்சு எது என்று நாம் பகுத்தறிவது எவ்வாறு? இதற்கு விடை காண விளம்பரங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, நடந்தேறிய வரலாற்றை நோக்குவதே தக்க வழியாகும்.

இந்த மேற்பூச்சுக்கு ஆங்கிலத்திலே ஒரு பெயரைச் சூட்டியவர் ஜே வெஸ்டர்வெல்ட் என்னும் அமெரிக்கர். சுற்றாடலைக் காக்கும் பொருட்டுத் துவாய்களை மீண்டும் பயன்படுத்துமாறு விருந்தினரை வேண்டும் அட்டைகள் அக்காலத்து ஹொட்டேல் அறைகளில் வைக்கப்பட்டிருந்தன. சலவைச் செலவு குறைவதால் ஹொட்டேலுக்கு இலாபம். ஏனைய விரயங்களைக் குறைக்கவோ பெரிய முயற்சி இல்லை. இதனைச் சுட்டி 1986 ஆம் ஆண்டில் எழுதிய அவர், வெள்ளையடித்தலைக் குறிக்கும் சொல்லில் வெண்மையை நீக்கிப் பசுமையைப் பொருத்தினார். துவாயை மறுமுறை பயன்படுத்துவது நற்செயல் அன்றோ என்று நேயர்கள் வினவக்கூடும். நற்செயலே, ஐயமில்லை. சிறிய நன்மையொன்றைத் திரையாக்கிப் பெரிய தீமையை மறைப்பதே இங்குக் குற்றமாகும்.

இதனை விளக்கப் பிரித்தானியாவின் பெரிய எண்ணெய்க் கம்பனியாகிய பீ.பீ.யின் வரலாறு ஒன்றே போதும். 1997 ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் தலைவர் ஜோன் பிரவுண், கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். பூமி வெப்பமடைவதைக் கருத்திற் கொண்டு எண்ணெய்க் கம்பனிகள் செயற்பட வேண்டும் என்று அவர் அங்கே கூறினார். அவருடைய துறையினர் சொல்லத் தயங்கிய சொல் அது. கம்பனியும் தனது சொந்த நிலையங்களிலிருந்து வெளிவரும் வாயுக்களை 1990 ஆம் ஆண்டின் அளவிலும் நூற்றுக்குப் பத்துக் குறைக்க இலக்கு வகுத்தது. குறித்த காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அதனை எட்டிவிட்டதாக 2002 இல் அறிவித்தது. இதனை முற்றிலும் பொய் எனத் தள்ளுதல் நீதியாகாது.

ஆயினும் 2000 ஆம் ஆண்டில் அக்கம்பனி பச்சையும் மஞ்சளுமான சூரியகாந்திச் சின்னத்தைச் சூடிக்கொண்டு, தான் பெற்றோலியத்துக்கு அப்பாற் செல்வதாக உலகுக்குச் சொல்லியது. அதன் வருவாயோ எண்ணெயிலும் எரிவாயுவிலுமே தங்கியிருந்தது. எண்ணெயினால் விளையும் கரியமில வாயுவின் மிகப் பெரும் பகுதி கம்பனியின் நிலையங்களில் அன்று, வாங்கியவர் அதனை எரிக்கும்போதே வெளிவருகின்றது. இலக்குத் தீண்டியது சிறிய பகுதியை. விளம்பரம் உரிமை கொண்டாடியது முழுமையை.

பின்னர் மழைக்காலம் வந்தது. 2005 மார்ச்சில் டெக்சாஸ் நகரத்துச் சுத்திகரிப்பு நிலையம் வெடித்துப் பதினைவர் மாண்டனர். 2006 இல் அலாஸ்காவிலே துருவேறிய குழாயொன்று துளைவிட்டு, இரண்டு இலட்சம் கலனுக்கு மேற்பட்ட எண்ணெய் பனிநிலத்திற் பரவியது. 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் அகழ்வுமேடை வெடித்துப் பதினொருவர் உயிரிழந்தனர். எண்ணெய் 87 நாள்கள் கடலிற் பாய்ந்தது. 2011 இன் இறுதியிற் கம்பனி தனது சூரியசக்திப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030 அளவில் நூற்றுக்கு 40 குறைப்பதாக 2020 இல் அது வாக்களித்தது. 2023 இல் அந்த வாக்குறுதி 25 ஆகச் சுருங்கியது. 2025 இல் அதனையும் கைவிட்டு, எண்ணெயிலும் எரிவாயுவிலும் முதலீட்டைக் கூட்டுவதாகக் கம்பனி தெரிவித்தது. இலாபத்துக்கும் வாக்குறுதிக்கும் இடையே போட்டி நேர்ந்த வேளையில் எது தளர்ந்தது என்பதே இங்கு நாம் காண வேண்டியது.

அளவிடுபவர் யார் என்பதும் ஆராயத்தக்கது. ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனி தன் டீசல் மோட்டார் வண்டிகள் தூய்மையானவை என்று அமெரிக்காவில் விளம்பரப்படுத்தியது. ஆய்வுகூடச் சோதனையில் அவை தேறவும் செய்தன. மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வாளரோ கருவிகளை வண்டியிலேயே பொருத்தித் தெருவில் ஓட்டிப் பார்த்தனர். புகையின் அளவு வேறாக இருந்தது. சோதனை நடைபெறுவதை உணர்ந்து அவ்வேளையில் மட்டும் புகையை அடக்கும் கணினி நிரல் வண்டிகளிற் பொதிந்திருந்தமை 2015 செப்டெம்பரில் உலகறிந்தது. ஏறக்குறைய ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகளில் அது இருந்ததாகக் கம்பனியே ஒப்புக்கொண்டது.

இவற்றைக் கேட்ட நேயர்கள், வர்த்தகர் சொல்வதெல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடலாகாது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே ரே அண்டர்சன் என்பவர் 1973 இல் இன்டர்பேஸ் என்ற கம்பளக் கம்பனியை நிறுவினார். பெற்றோலியத்திற் பிறக்கும் நைலோனே அதன் மூலப்பொருள். சுற்றாடலுக்காக என்ன செய்கிறீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டபோது, 1994 இல் அவரிடம் விடை இருக்கவில்லை. போல் ஹோக்கன் எழுதிய நூலொன்றை அவ்வாண்டிற் படித்த அவர், தாம் பூமியைக் கொள்ளையிடுபவர் எனத் தம்மையே குற்றஞ் சாட்டினார். இயற்கைக்குத் தம் கம்பனி இழைக்கும் தீங்கை 2020 அளவில் ஒழிப்பதென இலக்கு வைத்தார். இலச்சினைக்கு வண்ணம் தீட்டுவதோடு அமையாமல் ஆலைக்குள் நுழைந்தார். கழிவு குறைந்தது, பழைய கம்பளங்கள் மீளப் பெறப்பட்டன, பிற்காலத்தில் பிலிப்பைன்ஸ் மீனவரின் கைவிட்ட வலைகளும் நைலோனாக மாறின. 1996 ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட கணக்கும் வெளியிடப்பட்டு வந்தது. 2011 இல் அவர் மறைந்த பின்னும் அம்முயற்சி ஓயவில்லை. அக்கம்பனியும் குறையற்றதன்று. அது நைலோனை விட்டு நீங்கவில்லை. பிறரிடம் விலைக்கு வாங்கிய கரிம ஈடுகளையும் தன் கணக்கிற் சேர்த்ததுண்டு. எனினும் அதன் தொழிலின் நடுவிடத்திலே மாற்றம் நிகழ்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவே பச்சை இலை பொறித்த பொருளொன்று கண்முன் வருமிடத்து, மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். மாற்றம் கம்பனியின் இலாபம் பிறக்கும் இடத்தில் நிகழ்ந்ததா, ஓரத்தில் நிகழ்ந்ததா? அதனை அளந்தவர் கம்பனியினரா, புறத்தாரா? இலாபம் குன்றிய ஆண்டிலும் வாக்குறுதி நிலைத்ததா? இவற்றைக் கேளாமல் எல்லாவற்றையும் நம்புவோமாயின், பொய்யர் நம் பணத்தைப் பெறுவர். கேளாமல் எல்லாவற்றையும் இகழ்வோமாயினும் நன்மை அடைபவர் அவரே. ஏனெனில் மெய்யாக உழைத்தவருக்கும் அவருக்கும் இடையிலுள்ள வேற்றுமை அழிந்துவிடும். வினவும் பொறுமை நம்மிடம் இருக்கும்வரையில், உண்மையாக நடக்கும் உற்பத்தியாளருக்கும் சந்தையில் ஓரிடம் இருக்கும்.