வௌவுதல்: கங்கைகொண்ட சோழபுரத்து அரியணையும் ஒரு வினைச்சொல்லும்

வௌவுதல் என்பது பிறருக்கு உரியதை உரிமையின்றிப் பறித்துக்கொள்வதைக் குறிக்கும் பழந்தமிழ் வினைச்சொல். அபகரித்தல் என்பதும் இப்பொருளில் வழங்குகிறது. இன்றைய 'நில அபகரிப்பு' வழக்குகளில் நாம் கேட்பது அச்சொல்லே. இவற்றில் பழி உண்டு. 'கொள்ளுதல்' அவ்வாறன்று, அது வென்றவரின் சொல். முதலாம் பராந்தகன் 'மதுரை கொண்ட கோப்பரகேசரி' எனப்பட்டான். முதலாம் இராசேந்திரன் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அமைத்த தலைநகரின் பெயரே கங்கைகொண்ட சோழபுரம். 1070ஆம் ஆண்டு அந்நகரத்து அரியணை கைமாறியதற்கு எந்த வினைச்சொல் பொருந்தும் என்பது வரலாற்றாய்வாளரிடையே நீண்ட விவாதம்.

அரியணை மாற்றம்

இராசேந்திரனின் மகன் வீரராசேந்திரன் இறந்தபின் அவன் மகன் அதிராசேந்திரன் முடிசூடினான். அவன் தனித்து ஆண்ட காலம் மிகக் குறுகியது. அவனுக்குப்பின் வேங்கிநாட்டுக் கீழைச் சாளுக்கிய இளவரசன், முதலாம் குலோத்துங்கன் என்ற பெயரில் சோழ அரசனானான். அவன் அயலான் அல்லன். முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவிக்குப் பிறந்தவன். அதிராசேந்திரனுக்கு அத்தை மகன்.

இரண்டு சாட்சிகள்

மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் அதிராசேந்திரனின் சகோதரியை மணந்தவன். அவனுடைய அவைப்புலவர் பில்கணர், அதிராசேந்திரன் கலகத்தில் உயிரிழந்ததாகவும் வேங்கி மன்னன் அரியணையைக் கைப்பற்றியதாகவும் வடமொழியில் எழுதினார். குலோத்துங்கனின் அவைப்புலவர் செயங்கொண்டாரோ, அரசனை இழந்து சீர்குலைந்த நாட்டை அவன் வந்து நிலைநிறுத்தினான் என்று கலிங்கத்துப்பரணியில் பாடினார். ஒருவர் மைத்துனன் பக்கம். மற்றவர் அத்தை மகன் பக்கம். பிற்கால ஆய்வாளர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார், அதிராசேந்திரன் நோயால் இறந்தான் என்று கருதினார்.

சொல்லின் அளவுகோல்

ஒன்றை வௌவ வேண்டுமாயின் அது அப்போது பிறருடையதாக இருக்க வேண்டும். அதிராசேந்திரன் நோயால் இறந்திருந்தால் குலோத்துங்கன் ஏறியது வெற்று அரியணை. மகள்வழி உரிமை கொண்டு அவன் அதை எய்தினான். கலகத்தை அவனே தூண்டியிருந்தால் அது வௌவுதலே.

ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் ஆண்ட குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் நினைவில் வைத்தனர். அது நல்லாட்சிக்குச் சான்று. முடிசூடிய நாளின் உரிமைக்குச் சான்றாகாது.