மலையிறங்கிய செல்வம்

மீனாட்சிபுரத்தில் குடியிருக்கும் நமக்குத் தெற்குத் திசை என்றாலே மலை என்றுதான் பொருள். வாயிலில் நின்று ஏறிட்டுப் பார்த்தால் ஆனைமலைத் தொடர் காலையில் நீலமாய் நிற்கும். ஆடி மாதத்து மழையில் அது இருந்த இடமே தெரியாது. நாள்தோறும் கண்ணிற்படும் பொருளைப் பற்றி யாரும் கேள்வி எழுப்புவதில்லை. சென்ற கோடை விடுமுறையில் நம் குடியிருப்புக் குடும்பங்கள் சில டாப்சிலிப் சென்று மீண்டபொழுது, உடன் வந்த சிறுவன் ஒருவன், "அங்கே யாராவது வழுக்கி விழுந்தார்களா? அதனால்தான் அந்தப் பெயரா?" என்று கேட்டான். வண்டியிலிருந்த பெரியவர்கள் சிரித்தனர். விடை சொன்னவர் எவருமிலர். அச்சிறுவனுக்குக் கடன்பட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

அவன் கேட்டதில் பாதி உண்மை. வழுக்கியது உண்டு, ஆனால் வழுக்கியவை மனிதர்கள் அல்ல, மரங்கள்.

மலையுச்சியிலிருந்து சறுக்கி இறங்குவது இன்று உலகில் பலருக்கு விளையாட்டாகிவிட்டது. பனிநாடுகளில் காலிலே நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு, இருபுறமும் பாறை நெருக்க, நடுவே செங்குத்தாக விழும் பனி நிறைந்த இடுக்குகளில் இறங்குகின்றனர். 'இடுக்கு' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. இடுக்கி மாவட்டம் தன் பெயரை அச்சொல்லிலிருந்தே பெற்றது. இவ்விளையாட்டுக்கு உரிய காலம் இளவேனில் என்பர். குளிர்காலத்தில் புதிதாய்ப் பொழிந்த பனி நிலைகொள்ளாது. மனிதன் கால்பட்டாலே பெருஞ்சரிவாகப் பெயர்ந்துவிடும். இளவேனிலிலோ அது பகலில் உருகி இரவில் உறைந்து இறுகிவிடுகிறது. காலை வெயிலில் மேற்பரப்பு சற்றே இளகும் வேளை பார்த்து இறங்கவேண்டும்; முந்தினால் கண்ணாடி போல் வழுக்கும், பிந்தினால் சேறாகிப் பெயரும். சுவிட்சர்லாந்து நாட்டவராகிய சில்வான் சோடான் என்பவர் 1967ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சாமோனி மலைகளில் ஸ்பென்சர் என்னும் பெயருடைய இடுக்கில் இறங்கிக் காட்டினார். சுவரிற் சார்த்திய ஏணி போன்ற சரிவு அது. அவரே 1977இல் நம் நாட்டு வடகோடியில் 7,135 மீட்டர் உயரமுள்ள நுன் சிகரத்திலிருந்தும் சறுக்கி இறங்கினார். காசுமீரத்துக் குல்மார்க்கில் ஆங்கிலேயர் 1927இலேயே பனிச்சறுக்குக் கழகம் ஒன்றை நிறுவியிருந்தனர்.

பனியைக் காணாத நம் மலைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். மலையிலிருந்து ஒன்று தன் எடையினாலேயே இறங்கும் என்பதை மனிதன் விளையாட்டுக்காகக் கண்டறியவில்லை, பிழைப்புக்காகக் கண்டறிந்தான். அதே சுவிட்சர்லாந்தில், பனிச்சறுக்கு விளையாட்டு பரவுவதற்கு நெடுங்காலம் முன்னர், நெப்போலியன் காலத்துப் போர்களில் கப்பல் மரத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபொழுது, பிலாத்துஸ் மலையின் காட்டு மரங்களைக் கீழேயுள்ள லூசெர்ன் ஏரிக்குக் கொண்டுவர ரூப் என்னும் பொறியாளர் ஒரு சறுக்குப் பாதை அமைத்தார். மரங்களாலேயே ஆன தொட்டிபோன்ற வழி. நீளம் ஏறத்தாழ எட்டு மைல். உச்சியில் விட்ட பெருமரம் ஆறு நிமிடத்தில் ஏரியைச் சேர்ந்தது. மழை நாளிலோ அதனினும் விரைவு. கண்ணெதிரே இடிபோல் கடந்த அம்மரங்களைக் காண அறிஞர்கள் பயணம் செய்து வந்தனர். அப்பாதை சில ஆண்டுகளே இயங்கியது.

இனி நம் மலைக்கு வருவோம். ஆங்கிலேயர் கண்ணை ஆனைமலைப் பக்கம் திருப்பியதும் அதே கப்பல் மரந்தான். அவர்கள் நாட்டு ஓக்கு மரங்கள் போர்க் கப்பல்களுக்குப் போதவில்லை. பம்பாயில் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார் மலையாளக் கரைத் தேக்கைக்கொண்டு கட்டிய கப்பல்கள் ஓக்குக் கப்பல்களை விடவும் நெடுநாள் உழைத்தன. 1817இல் அங்கு நீரில் இறக்கப்பெற்ற கப்பல் ஒன்று இன்றளவும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமலி'; அஃதாவது நம் திருகோணமலை! தமிழூரின் பெயரைத் தாங்கி மலையாளத் தேக்கில் பார்சியர் கைவண்ணத்தில் பிறந்த கப்பல் ஆங்கிலக் கடலோரம் கிடக்கிறது.

கடற்கரைக்கு அண்மையிலிருந்த தேக்குகள் தீர்ந்தபின் உள்மலைகளை நாடினர். 1848இல் லெப்டினண்டு மைக்கேல் என்னும் படை அதிகாரி பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு அனுப்பும் பொருட்டு ஆனைமலைக் காட்டு வேலையைப் பொறுப்பேற்றார். மரம் மலைமேல் இருந்தது. வண்டி மலையடியில் நின்றது. இடையே செங்குத்துச் சரிவு. பாரவண்டி ஏற வழியில்லாத அந்நாளில், வெட்டிச் செதுக்கிய தேக்குத் தடிகளை யானைகள் சங்கிலி பூட்டி இழுத்து மலை விளிம்புக்குக் கொணர்ந்தன. அங்கிருந்து தடிகள் சரிவில் சறுக்கிவிடப்பட்டன. அவ்விளிம்பே 'டாப் சிலிப்' - சறுக்கின் உச்சி - என்னும் பெயர் பெற்றது. ஏறத்தாழ 2,500 அடி உயரம் அவ்விடம். கீழே சேத்துமடைப் பக்கத்தில் தடிகளை வண்டியேற்றி, நம் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைக்கு அனுப்பினர்.

அவ்வேலை எளிதென்று எண்ணிவிடலாகாது. பனியில் இறங்குவோன் தன் காலைத் திருப்பித் தன் விரைவைத் தானே அடக்கிக் கொள்வான். தேக்குத் தடிக்கு அவ்வறிவில்லை. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது அமிழும் அளவுக்குக் கனமுடையது. அதனால்தான் பல காடுகளில் மரத்தைச் சுற்றிப் பட்டையைச் செதுக்கி, நின்றபடியே உலரவிட்டுப் பின்னர் வெட்டுவர். அத்தகைய தடி ஒன்று சரிவில் வழிதவறினால் எதிர்ப்பட்டவர் கதி என்னாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. யானைகளைப் பழக்கியவர்கள் மலசர். காட்டுத் தடம் காட்டியவர்கள் காடர். கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் பாகர்களாய் இருப்போர் அம்மலசர் வழியினரே. மைக்கேலின் பெயர் ஏட்டில் இருக்கிறது. சரிவின் உச்சியில் நின்று தடியைத் தள்ளியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1856இல் சென்னை மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலராக அமர்ந்த டாக்டர் கிளெகார்ன் ஆனைமலைக்கு வந்து பார்த்துத் தேக்கு குறைந்துவருவதை உணர்ந்தார். அவர் 1861இல் வெளியிட்ட தென்னிந்தியக் காடுகளைப் பற்றிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. அக்காலத்தில் கப்பலுக்குப் போட்டியாக இருப்புப்பாதையும் வந்தது. 1862க்குள் சென்னையிலிருந்து மேலைக் கரை வரை இருப்புப்பாதை நீண்டுவிட்டது. தண்டவாளத்தின் கீழ்க் கிடத்த மரம் வேண்டுமே! சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்னும் அதிகாரி டாப்சிலிப்பில் வந்தமர்ந்து, அடிக்கட்டையைத் துளிர்க்க விடுதலும் புதுக் கன்று நடுதலும் செய்து காட்டை மீண்டும் தழைக்கச் செய்தார். உலாவும்பொழுது கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை இட்டுச் செல்வார் என்பது வழங்கி வரும் செய்தி. 1933இல் மறைந்த அவரை அத்தேக்குகளின் நடுவிலேயே அடக்கம் செய்துள்ளனர். தம் நினைவுச் சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் நோக்குக என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் கல்லில் பொறித்திருக்கிறது. நம் சிறுவர்கள் அக்கல்லின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டதை இங்குச் சொல்லாமல் விடுவதே நன்று, சொல்லிவிட்டோம்.

மலையின் மறுபுறம் கொச்சி அரசருடையது. அவர்கள் தடியைச் சறுக்கவிடவில்லை. வேறு வழி கண்டனர். 1907 முதல் 1963 வரை பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு ஏறத்தாழ ஐம்பது மைல் நீளத்தில் காட்டு டிராம் வண்டி ஓடிற்று. செங்குத்துச் சரிவுகளில் இயந்திரம் இழுக்கவில்லை. இறங்கும் பாரவண்டியின் எடையே, உருளையைச் சுற்றிய கம்பிவடத்தின் வாயிலாக, ஏறும் வெற்று வண்டியை மேலே தூக்கியது. அடக்குவதற்கு ஒரு தடைக்கட்டை மட்டும் போதுமானதாயிருந்தது. பறவை நூலறிஞர் சாலிம் அலி 1933இல் குரியார்குட்டியில் தங்கி ஆராய்ந்தபொழுது இவ்வண்டியைக் கண்டவர். இத்தனை கோடரிக்கும் தப்பிப் பரம்பிக்குளத்தில் கன்னிமாரா என்னும் முதுபெருந் தேக்கு இன்றும் நிற்கிறது. கேரளத்து மரமாகிய அதனைக் காண நாம் தமிழ்நாட்டுச் சேத்துமடையும் டாப்சிலிப்பும் கடந்துதான் செல்லவேண்டும். எல்லைக்கோடு வரைந்தவர்கள் மலையைக் கேட்டு வரையவில்லை.

டாப்சிலிப் நம் பாலக்காட்டு எல்லையில் இருப்பதுபோல, இடுக்கி எல்லையிலும் ஓர் உச்சிப் பெயர் உண்டு. அது டாப் ஸ்டேஷன். நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல மூணாற்றுத் தோட்டங்களோடு உறவுடையவை ஆதலின் அப்பெயர் இங்குப் பலரும் அறிந்ததே. மன்றோ என்பவர் 1877இல் பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகை பெற்றார். 1880இல் அங்குத் தேயிலை ஊன்றப்பட்டது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. தேயிலை விளைந்தது, கீழே கொண்டுசேர்ப்பது எங்ஙனம்? ஆனைமலையில் எழுந்த அதே கேள்வி.

1902இல் மூணாற்றிலிருந்து ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போட்டனர். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், மற்றொரு பெருஞ்சக்கரம் சாலையில், இழுப்பது மாடு! 1908இல் அதனை அகற்றிச் சிறு இரயில் ஓட்டினர். குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே சுமார் 22 மைல் சென்ற அவ்விரயில் முடிந்த இடமே டாப் ஸ்டேஷன். 5,000 அடிக்கு மேற்பட்ட உயரம். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ஏறத்தாழ மூன்று மைல் நீளமுள்ள கம்பிவடத்தில் தொங்கியபடி, பள்ளத்தின்மேல் மிதந்து, அடிவாரத்துக் கோட்டகுடிக்கு இறங்கின. கோட்டகுடிக்கு அந்நாளில் 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர்; பின்னர் அம்மையநாயக்கனூர் இரயில் நிலையம்; முடிவில் தூத்துக்குடித் துறைமுகம். 1924 சூலையில், மலையாள ஆண்டு 1099இல், பெய்த பெருமழை அச்சிறு இரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் அது ஓடவேயில்லை. போடிக்கு இருப்புப்பாதை 1928இல்தான் வந்தது. நம் மீனாட்சிபுரம் வழியே பொள்ளாச்சி - பாலக்காட்டுப் பாதை திறக்கப்பட்டது 1932இல்.

தேக்கும் தேயிலையும் இறங்கிய வரலாற்றை இவ்வளவு எழுதினோம். இவற்றை விளைவித்தவர்கள் எவ்வழி ஏறினார்கள்? மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த குடும்பங்கள் போடி வழியாக நடந்தே ஏறின. பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது. மனிதனுக்குக் கால் இருந்தது. கம்பிவடத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கம்பெனிக் கணக்கில் ஒரு வரி இருந்திருக்கும்; கால்களுக்கு இராது. நாம் வரலாறு என்று படிப்பதில் பெரும்பகுதி இறங்கியவற்றின் வரலாறே என்னும் எண்ணம் இதனை எழுதுகையில் எமக்கு உண்டாயிற்று.

அச்சரிவில் இப்பொழுது பொழுதுபோக்குக்காக நடப்பவர் பலர். பனிநாட்டார்க்கு இளவேனில் ஏற்ற காலமென்றோம். நம் மலைக்கு அது நேர்மாறு. மாசி பங்குனியில் போதைப்புல் காய்ந்து தீக்குக் காத்திருக்கும். 2018 மார்ச்சு 11ஆம் நாள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலைநடையாளர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் இளைஞர். குரங்கணியும் கோட்டகுடியும் அடுத்தடுத்த ஊர்கள். சரிவில் தீ கீழிருந்து மேல்நோக்கியே விரையும் என்பதை மலைவாழ்வோர் அறிவர். நம் பிள்ளைகளை மலைக்கு அனுப்பும் பெற்றோர் மாதம் பார்த்து அனுப்புதல் வேண்டும்.

இக்கட்டுரைக்காக நம் சங்கத்து மூத்த அம்மையார் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். பிறந்தது மூணாற்றுப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். தம் பாட்டி கோட்டகுடியிலிருந்து மலையேறிய கதையை அவர் சிறுமியாயிருந்தபோது கேட்டிருக்கிறார். பாட்டியின் தலையில் சோளமூட்டை, இடுப்பில் கைக்குழந்தை. பாதி வழியில் இளைப்பாற உட்கார்ந்தபோது தலைக்குமேல் 'கிறீச்' என்று ஓசை கேட்டதாம். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் பெட்டி பெட்டியாய் ஏதோ போய்க்கொண்டிருந்தது. அது என்னவென்று பாட்டிக்குத் தெரியவில்லை. முன்னே சென்ற கங்காணி திரும்பிப் பார்த்து, "அதுதான் ஆத்தா தேயிலை. அதைப் பறிக்கத்தான் நாம் போகிறோம்" என்றாராம்.