நுகத்தடி சொல்லும் வரலாறு



தைப்பூசத்திற்கு முதல் நாள் காலையில் பினாங்கில் வெள்ளித் தேர் புறப்படுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜார்ஜ் டவுன் பினாங்குத் தெருவில் உள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து கிளம்பி, தண்ணீர்மலை அடிவாரத்துக் கோயிலை நோக்கி அது மெல்ல மெல்ல நகரும். 1894ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தேர் அது. காளைகளைப் பூட்டி இழுப்பது அத்தேரின் நெடுநாள் மரபு.

ஒரு முறை நம் வகுப்புப் பிள்ளைகளிடம், "நுகத்தடி என்றால் என்ன?" என்று கேட்டோம். வகுப்பே மௌனமாக இருந்தது. கடைசியில் ஒரு சிறுமி எழுந்து, "தேர் மாட்டின் கழுத்திலே இருக்கும் கட்டை, ஐயா" என்றாள். சரியான விடைதான். ஆனால் நம் பாட்டன்மார் காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். அன்று நுகத்தடி வீட்டு வாசலில் கிடந்தது. இன்று ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவில் தென்படுகிறது. இடையில் நாம் எதை மறந்தோம் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மாடு பூட்டும் தொழில் தமிழருக்கு மிகப் பழையது. சங்க காலத்தில் உமணர் என்ற உப்பு வணிகர் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வண்டி வண்டியாக உப்புக் கொண்டு சென்றனர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அவர்களுடைய வண்டியை நினைவூட்டுகிறார். எருதுகளோ இளையவை, நுகம் இன்னும் பழகவில்லை. வண்டியிலோ பெரும் பாரம். வழியில் மேடு வருமோ, பள்ளம் வருமோ, யாருக்குத் தெரியும்? ஆகவே உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டி எடுத்துச் செல்வார்களாம். பொகுட்டெழினி என்ற தலைவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். பழகாத மாட்டை நம்பிப் பாரம் ஏற்றக் கூடாது என்ற பாடம் அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

அப்படியானால் மாட்டைப் பழக்குவது எப்படி? கன்றுப் பருவத்திலேயே மனிதனின் கைக்கும் குரலுக்கும் அதைப் பழக்க வேண்டும். பிறகு மூக்குக் குத்தி மூக்கணாங்கயிறு போடுவார்கள். வயதைப் பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஏறக்குறைய இரண்டரை வயதில் பால் பல் விழுந்து முதல் இரண்டு பல் முளைக்கும். எட்டுப் பல்லும் முளைத்து முடிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இரண்டு பல் மாட்டை இலேசான வேலைக்குப் பழக்கலாம். முழுப் பாரம் ஏற்றலாகாது.

முதலில் வெறும் நுகத்தை மட்டும் வைத்து நடத்துவார்கள். பிறகு ஒரு மரக்கட்டையை இழுக்க விடுவார்கள். அதன் பிறகுதான் வெறும் வண்டி, கடைசியில் பாரம். இதில் முக்கியமான இரகசியம் ஒன்று உண்டு. புது மாட்டை இன்னொரு புது மாட்டோடு பூட்டமாட்டார்கள். வயதான, அமைதியான, வழி தெரிந்த மாட்டோடுதான் பூட்டுவார்கள். இளையது துள்ளினால் மூத்தது நிற்கும். இளையது தயங்கினால் மூத்தது நடக்கும். சாட்டை கற்றுக் கொடுப்பதைவிட அதிகமாகப் பக்கத்து மாடு கற்றுக் கொடுக்கும்.

இடப்பக்கம் பழகிய மாடு இடப்பக்கமே நடக்கும். வலத்து மாட்டை இடத்தில் பூட்டினால் தடுமாறும். ஒரு மாடு வலிமை மிக்கதாகவும் மற்றது மெலிந்ததாகவும் இருந்தால், நுகத்தை நடுவில் கட்டாமல், கட்டும் இடத்தை வலிய மாட்டின் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் கட்டுவார்கள். அப்போது பாரத்தின் பெரும் பங்கு வலிய மாட்டுக்குப் போகும். நாம் பள்ளியில் நெம்புகோல் என்று படிக்கிறோமே, அதே விதிதான் இது. பள்ளிக்கூடம் போகாதவர்கள் அதைக் கயிற்று முடிச்சிலே செய்து காட்டினார்கள்.

பாரம் ஏற்றுவதும் ஒரு கணக்குத்தான். இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கிக்கொண்டு, பூட்டுக்கயிறு தொண்டையை இறுக்கும். மேடு ஏறும்போது வண்டிக்காரர் முன்னே நகர்ந்து உட்காருவார்; இறங்கும்போது பின்னே நகருவார். இவ்வளவும் கவனித்தால்தான் மாடு மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் அலுக்காமல் நடக்கும். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால், ஒரு மாட்டுக்கு எட்டு லாடம் வேண்டும். ஒரு சோடிக்குப் பதினாறு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அச்சாணி, வண்டி மை, லாடம், கயிறு ஆகிய எல்லாவற்றையும் விடியுமுன்னே சரிபார்ப்பது வண்டிக்காரரின் வேலை.

வேறு நாடுகளிலும் எருது பூட்டினார்கள். ஸ்பெயின் நாட்டிலும் பிரான்சு நாட்டிலும் நுகத்தைக் கொம்போடு சேர்த்துத் தலையில் கட்டும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. நம் நாட்டு மாட்டுக்குத் திமில் இருக்கிறது. ஆகவே நுகம் திமிலுக்கு முன்னே கழுத்தில் அமர்ந்துகொள்கிறது. மாட்டின் உடலைப் பார்த்தே மனிதன் கருவியைச் செய்திருக்கிறான்.

இந்த அறிவு எப்படிக் கடல் கடந்து இங்கே வந்தது? 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். துறைமுகம் வளர்ந்தது. கப்பலில் வந்த சரக்கு கிட்டங்கிக்குப் போக வேண்டும். கிட்டங்கியிலிருந்து கடைக்குப் போக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும், மாடு வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு அது பிறந்த நாள் முதல் பார்த்த தொழில்.

சரக்கு மட்டுமா? குடிதண்ணீரும் மாட்டு வண்டியில்தான் போயிற்று. ஜார்ஜ் டவுனில் பர்மா சாலை என்று ஒரு பெரிய சாலை இருக்கிறது. அதற்குச் சீனர்கள் வைத்த பெயர் வேறு. அதன் பொருள் "தண்ணீர் வண்டிச் சாலை" என்பதாகும். சிங்கப்பூரில் கிரேத்தா ஆயர் என்ற வட்டாரத்தின் பெயருக்கும் தண்ணீர் வண்டி என்றுதான் பொருள். வண்டிகள் போய்விட்டன, வண்டி ஓட்டியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் ஓட்டிய பாதையின் பெயர் இன்னும் நிற்கிறது.

கடலின் எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை என்று சொல்லும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியில், 1840களில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தின் பேரில் அங்கே கொண்டு வரப்பட்டார்கள். தொடக்க கால ஆலைகளில் எருமைகளும் மாடுகளும் சுற்றிச் சுற்றி நடந்துதான் கரும்பு பிழியும் உருளைகளைத் திருப்பின. நீராவி இயந்திரம் வந்த பின்பும், வெட்டிய கரும்பைக் கொண்டு போகக் கால்வாய்ப் படகுகளோடு மாட்டு வண்டியும் தேவைப்பட்டது. பிறகு கரும்பு போய் இரப்பர் வந்தது. வண்டி அங்கேயும் தொடர்ந்தது.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பழைய ஏடுகளில் இவர்களுக்கு இருக்கும் பெயர் "கூலி" என்பதுதான். ஒன்றும் தெரியாத கைகள் என்று நினைத்தார்கள். ஆனால் பல்லைப் பார்த்து வயது சொன்னவர், கயிற்று முடிச்சில் பாரத்தைப் பங்கிட்டவர், மேட்டிலும் பள்ளத்திலும் எடையை நிறுத்தியவர் ஒன்றும் தெரியாதவரா?

இன்னொன்றும் உண்டு. நல்ல வண்டிக்காரர் மாலையில் நுகத்தை இறக்கியதும், முதல் வேலையாக மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். வீக்கமோ புண்ணோ இருந்தால் மறுநாள் அந்த மாட்டைப் பூட்டமாட்டார். புண் ஆறும் வரை ஓய்வுதான். ஆனால் அந்த வண்டிக்காரரின் சொந்தக் கழுத்தில் இருந்த நுகம் என்ன? ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை என்று சட்டம் இருந்தது. 1910ஆம் ஆண்டில்தான் மலாயாவுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை அனுப்பும் முறை நிறுத்தப்பட்டது. மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்தவர்களின் கழுத்தைத் தடவிப் பார்க்க யாரும் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வரலாறு சொல்ல முடியாது.

வண்டி எப்படி மறைந்தது? ஜார்ஜ் டவுனில் 1906ஆம் ஆண்டில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1925ஆம் ஆண்டில் டிராலி பஸ் வந்தது. சரக்கேற்ற லாரி வந்தது. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்டபோது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது மாட்டின் கால்களுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. போர் முடிந்ததும் லாரிகள் பெருகின. வண்டிக்காரர் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். மாடு வைத்திருந்த சிலர் பால் வியாபாரம் செய்தார்கள்.

ஆனாலும் சுவடு முழுதும் அழிந்துவிடவில்லை. இந்தியர்கள் கொண்டு வந்த மாடுகளின் வழியில் வந்த கறவை மாட்டினம் இந்நாட்டில் இருப்பதைக் கால்நடைத் துறையினர் தனியாகக் குறித்திருக்கிறார்கள். செம்பனைத் தோட்டங்கள் பெருகிய பிறகு, டிராக்டர் நுழைய முடியாத சேற்று நிலத்தில் பழக்குலை இழுக்கச் சில தோட்டங்களில் எருமை வண்டியைப் பயன்படுத்தினார்கள். பழைய அறிவு அங்கே மறுபடியும் பயன்பட்டது.

நேயர்களே, உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இன்று மாலை அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நம் குடும்பத்தில் யார் வண்டி ஓட்டினார்கள்? மாட்டுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள்? எந்தப் பாதையில் போனார்கள்? சொல்வதைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். நுகத்தடி, பூட்டுக்கயிறு, கடையாணி, தார்க்குச்சி என்று அவர்கள் வாயில் வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுதட்டும். அந்தச் சொற்கள் நம் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து.

இளைய மாட்டுக்கு வழி காட்ட மூத்த மாட்டைப் பக்கத்தில் பூட்டினார்கள். நம் பிள்ளைகளின் பக்கத்தில் நம் மூத்தோரை உட்கார வைப்போம். அடுத்த தைப்பூசத்தில் தேரைப் பார்க்கும்போது, சுவாமியை வணங்கிய பின் அந்தக் காளைகளின் கழுத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள்.